ஓய்வு பெற்றும் ஒழியாத இருக்கைகள்

மாமல்லபுரத்திற்கு வருவோர் முற்றுப்பெற்ற சிற்பங்களைக் கண்டு வியந்து செல்கின்றனர். முற்றுப்பெறாதவற்றை நின்று பார்ப்போர் மிகச் சிலரே. ‘இரதம்’ எனப் பிழையாகப் பெயரிடப்பெற்று, அப்பெயரே நிலைத்தும்விட்ட ஒற்றைக்கல் தளிகளில், முடியும் மேல்நிலைகளும் செப்பமுற்று நிற்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே கிடப்பதை இன்றும் காணலாம். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்த உளி இடையில் ஒருநாள் நின்றது. அதனை வாங்கித் தொடர அடுத்த கை வரவில்லை. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அப்பாறை அப்படியே நிற்கின்றது. ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்குத் தொழில் மாறவில்லையாயின் என்ன நேரும் என்பதற்கு அதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

அதே ஊரில், கை மாறியதற்கும் சான்றுண்டு. 1957இல் அங்குத் தொடங்கப்பெற்ற அரசினர் சிற்பப் பயிற்சி நிறுவனம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பில் 27 ஆண்டுகள் இருந்த வை. கணபதி தபதியார் 1988இல் ஓய்வு பெற்றார். இரண்டாண்டு கழித்து, 1990இல், குமரிமுனைத் திருவள்ளுவர் சிலைப்பணி அவர் பொறுப்பில் தொடங்கியது. பீடம் 38 அடியும் உருவம் 95 அடியுமாக 133 அடி உயர்ந்து நிற்கும் அச்சிலை 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. அவர்தம் வாழ்நாளின் மாபெரும் படைப்பு, அரசு அவருக்கு ஓய்வு கொடுத்ததன் பின்னரே உருவாயிற்று. ஆனால், அதன்பொருட்டு அவரைக் கல்லூரித் தலைமை இருக்கையில் மீண்டும் கொண்டுவந்து அமர்த்தவில்லை. இருக்கை அடுத்தவருக்குச் சென்றது. பணி அவரைத் தேடிச் சென்றது. மூத்தவரின் அறிவும் நாட்டிற்குப் பயன்பட்டது. இளையவரின் வழியும் அடைபடவில்லை.

இருக்கை வேறு, பணி வேறு என்னும் இவ்வேறுபாட்டை மறந்ததே, இன்று அரசுத்துறைகளில் பெருகிவரும் ஒரு தீங்கிற்கு அடிப்படை. ஓய்வு பெற்றவரையே மீண்டும் அழைத்து, அவர் எழுந்துபோன அதே இருக்கையில், அல்லது அதனை ஒட்டியதோர் இருக்கையில் அமர்த்திக்கொள்ளும் வழக்கமே அத்தீங்கு. அதற்கு மறுபணியமர்த்தம் என்றும், ஒப்பந்தப்பணி என்றும், தொகுப்பூதியப்பணி என்றும், வெளிமுகமைப்பணி என்றும் பல பெயர்கள். பெயர் எதுவாயினும் நடப்பது ஒன்றே. முதல்நாள் மாலை மாலையும் பொன்னாடையும் பெற்று விடைபெற்றவர், சில கிழமைக்குள் அதே மிசைக்கு முன் அமர்ந்து அதே கோப்பைப் புரட்டுகின்றார். வெளியில், தேர்வெழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இளைஞன் காத்துக்கொண்டே இருக்கின்றான்.

இது சிறிய செய்தியன்று. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியத் தொடர்வண்டித்துறை, 65 அகவைக்குட்பட்ட ஓய்வுபெற்ற ஊழியரைக் கொண்டு 25,000 இடங்கள் வரை ஈராண்டிற்கு நிரப்பிக்கொள்ள இசைவளித்தது. மேற்பார்வையாளர் முதல் தண்டவாளம் பேணுவோர் வரை பல நிலையினரும் அதில் அடங்குவர். அவர்தம் இறுதிச் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்தைக் கழித்து எஞ்சிய தொகையே ஊதியம் என வரையறுக்கப்பட்டது. நடுவணரசின் பிற துறைகளுக்கும் 2020 திசம்பரில் வெளியிடப்பட்ட நெறிமுறை இதுவே. தமிழ்நாட்டிலும் சாலைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நிலம் எடுக்கும் பணிகளில் ஓய்வுபெற்ற வட்டாட்சியரையும் நில அளவரையும் அமர்த்திக்கொள்வது பழகிப்போன ஒன்று. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் நிலத்தின் விலை ஏற ஏற, நிலக்கோப்புகளும் பெருகின. கோப்புகள் பெருகிய அளவிற்குப் புதிய அளவர்கள் பெருகினரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இனி, மறுபணியமர்த்தம் அனைத்தும் தவறென்று கூறுதல் முறையன்று. கல்வியாண்டின் இடையில் அகவை முதிர்ந்து ஓய்வு பெறும் ஆசிரியரை அவ்வாண்டின் இறுதிவரை பணியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. அது மாணவர்பொருட்டுச் செய்யப்படுவது, எல்லை வரையறுக்கப்பட்டது, எவர் வாய்ப்பையும் பறிப்பதன்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவத் தொடங்கிய வேளையில், அத்திங்கள் இறுதியில் ஓய்வு பெறவிருந்த மருத்துவரையும் செவிலியரையும் இரண்டு திங்கள் தொடர்ந்து பணியாற்றுமாறு தமிழ்நாட்டரசு கேட்டுக்கொண்டது. வீடு தீப்பற்றி எரிகையில் அண்டை வீட்டாரை அழைப்பது போன்றது அது. அதனை எவரும் குறை கூறார். ஆனால், தீ அணைந்த பின்னும் அண்டை வீட்டாரையே நாள்தோறும் அழைத்துத் தண்ணீர் இறைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுப் பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்தால் அதற்கு என்ன பெயர்?

சிக்கலின் வேரைக் காணவேண்டுமாயின், ஓய்வூதியம் என்பது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

உழைத்து ஓய்ந்தவரையும் அவர் குடும்பத்தையும் பேணுதல் தமிழர்க்குப் பிறர் கற்றுக்கொடுத்ததன்று. போரில் பட்ட வீரனின் குடும்பத்திற்கு நிலம் விடும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. அந்நிலத்திற்கு நெய்த்தோர்பட்டி என்று பெயர் வழங்கியதை நடுகற்களிற் காணலாம். நெய்த்தோர் என்பது குருதி. சிந்திய குருதிக்கு ஊர் செலுத்தும் கடன் அது. இரந்து பெறும் பிச்சையன்று. பின்னர் வந்த ஆங்கிலேய ஆட்சி ஓய்வூதியத்தை ஆட்சியாளரின் கொடையாகவே கருதியது. அவ்வாட்சி 1871இல் இயற்றிய ஓய்வூதியச் சட்டத்தின் போக்கும் அதுவே. அக்கருத்தைத் தகர்த்தது, 1982 திசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் உச்ச வழக்குமன்றம் அளித்த தீர்ப்பு. ஓய்வூதியம் அரசின் இரக்கத்தால் வருவதன்று, அது முன்னர்ச் செய்த பணிக்குரிய ஊதியத்தின் பகுதி, ஊழியரின் உரிமை என்பது அத்தீர்ப்பின் உள்ளீடு. அந்நாளே இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

சொல்லிலேயே பொருள் தெளிவாக இருக்கின்றது. ‘பென்சன்’ என்னும் அயற்சொல்லைச் சொல்லும் நாவிற்கு, எவனோ எதையோ கொடுப்பதாகத் தோன்றலாம். ஓய்வூதியம் என்னும் தமிழ்ச்சொல்லோ, ஓய்வையும் ஊதியத்தையும் ஒருசேர வைத்துக் காட்டுகின்றது. ஊதியம் உழைத்ததற்கு, ஓய்வு இருக்கையை விட்டு எழுந்ததற்கு. அவ்விரண்டும் சேர்ந்ததே உடன்பாடு. ‘நீ முப்பதாண்டு உழைத்தாய், இனி உன் இடத்தை இளையவனுக்குக் கொடுத்துவிட்டு அச்சமின்றி வாழ்வாயாக’ என்று குமுகாயம் கூறும் உறுதிமொழி அது. ஓய்வின்றி ஓய்வூதியம் மட்டும் நடக்குமாயின் அவ்வுடன்பாட்டின் ஒரு கால் ஒடிந்துபோகின்றது. ஒற்றைக்காலில் எந்த ஏற்பாடும் நெடுநாள் நில்லாது.

அஃது எவ்வாறு ஓய்வூதிய ஏற்பாட்டையே அரிக்கின்றது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம்.

ஓர் அலுவலரின் இறுதிச் சம்பளம் திங்களுக்கு 80,000 உருபா என்றும், அவர் பெறும் ஓய்வூதியம் 40,000 என்றும் கொள்க. அவரை மீண்டும் அமர்த்தினால் துறை தரவேண்டியது எஞ்சிய 40,000. அவ்விடத்தில் புதிய இளைஞன் ஒருவனை 45,000 உருபாச் சம்பளத்தில் எடுத்தால், அச்சம்பளத்தோடு அவன் ஓய்வூதியக் கணக்கிற்கு அரசின் பங்காகப் பத்து விழுக்காடு, 4,500 உருபா, செலுத்தவேண்டும். ஆகத் துறைக்கு 49,500. மூத்தவரை அமர்த்தினால் திங்களுக்கு 9,500 உருபா மிச்சம் என்று கணக்கர் எழுதுவார், மேலலுவலர் ஒப்பமிடுவார். கருவூலத்திற்கு ஆக்கம் தேடித் தந்ததாகப் பாராட்டும் கிடைக்கும்.

ஆனால், அக்கணக்கின் மறுபக்கம் எழுதப்படுவதில்லை. இளைஞன் சேர்ந்திருந்தால் அவன் பங்கு 4,500, அரசின் பங்கு 4,500, ஆக 9,000 உருபா திங்கள்தோறும் ஓய்வூதிய வைப்பில் விழுந்திருக்கும். ஓய்வுபெற்றவர் மீண்டும் வந்தமர்ந்ததால் அவ்வைப்பிற்கு ஒரு காசும் வரவில்லை. அவர் பங்கு செலுத்துவதில்லை. அவர்பொருட்டு அரசும் செலுத்துவதில்லை. மிச்சம் என்று சொல்லப்பட்ட தொகையும் வைப்பில் விழாமற்போன தொகையும் ஏறத்தாழ ஒன்றே. அஃதாவது, இன்றைய துறைக்கணக்கில் மிச்சமாகக் காட்டப்படுவது, நாளைய முதியவரின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும். விதைநெல்லை அவித்துத் தின்றவன் அந்த ஆண்டு வயிறு நிறைந்திருந்தான் என்பது உண்மையே. அடுத்த ஆண்டு அவன் வயலில் என்ன விளையும்?

இஃது ஏன் பழங்காலத்தில் இத்துணைக் கூர்மையாகத் தோன்றவில்லை என்பதற்கும் கரணியம் உண்டு. பழைய ஓய்வூதிய முறையில் ஊழியர் பங்கு செலுத்துவதில்லை. அரசின் வருவாயிலிருந்தே ஓய்வூதியம் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்பிரல் முதல் நாளும் அதன் பின்னரும் பணியிற் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. நடுவணரசு 2004 சனவரி முதல் தன் ஊழியர்க்கு அத்தகைய முறையைப் புகுத்தியது. அந்நாள் முதல் ஓய்வூதியம் என்பது, பணியிலிருக்கும் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் இட்டுவரும் விதையைப் பொறுத்ததாயிற்று. விதையிடும் கைகள் குறைந்தால் விளைச்சல் குறையும். அந்தக் கைகளைக் குறைக்கும் செயலே மறுபணியமர்த்தம். ஒரே அலுவலகத்தில், பழைய முறையில் முழு ஓய்வூதியம் பெறும் மூத்தவர் மீண்டும் வந்தமர, புதிய முறையில் பங்கு செலுத்தவேண்டிய இளையவர் வாயிலில் நிற்கும் காட்சி, இரு தலைமுறைக்கிடையே உருவாகிவிட்ட மேடுபள்ளத்தை இன்னும் ஆழமாக்குகின்றது.

காலம் தாழ்ந்து பணியிற் சேர்வதால் வரும் இழப்பு எத்துணைப் பெரியது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஊழியர் பங்கும் அரசுப் பங்குமாகத் திங்களுக்கு 12,000 உருபா, ஆண்டிற்கு 1,44,000 உருபா வைப்பில் விழுவதாகவும், அதற்கு ஆண்டுக்கு 7.1 விழுக்காடு வட்டி கூடுவதாகவும் கொள்க. ஊதிய உயர்வைக் கணக்கில் கொள்ளாமல் விட்டாலும், முப்பதாண்டு முடிவில் அத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 38 இலக்கம் உருபாவாக நிற்கும். ஐந்தாண்டு தாழ்ந்து சேர்ந்து இருபத்தைந்து ஆண்டே பணியாற்றியவனுக்கு அது 92 இலக்கமாகச் சுருங்கும். பணிக்காலத்தில் இழந்தது ஆறில் ஒரு பங்கு. முதுமைக்கான பொருளில் இழந்தது மூன்றில் ஒரு பங்கு! முதல் ஐந்தாண்டில் இட்ட விதையே நெடுங்காலம் வளர்ந்து பெருமரமாவது. அதனை இழந்தவன் இறுதியில் எவ்வளவு உழைத்தும் ஈடுகட்ட இயலாது.

உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் வந்துவிட்டால் இக்கவலை இல்லை என்று கருதுவோர் உளர். 2025 ஏப்பிரலில் நடுவணரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளத்தின் பாதியை முழு ஓய்வூதியமாகப் பெற 25 ஆண்டுப் பணி வேண்டும். அறுபதில் ஓய்வு எனின், முப்பத்தைந்திற்குள் சேர்ந்தவனுக்கே அது கிட்டும். நாற்பதில் சேர்ந்தவனுக்குக் குறைந்த ஓய்வூதியமே. 2026 சனவரியில் தமிழ்நாட்டரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், ஊழியர் பத்து விழுக்காடு செலுத்த, இறுதிச் சம்பளத்தின் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும் எனவும், அதற்குக் குறைவதை அரசே இட்டு நிரப்பும் எனவும் கூறியது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அரசு என்பது யார்? மக்களின் வரிப்பணம் அன்றோ? வைப்பில் விழவேண்டிய தொகை இன்று விழாமற்போனால், நாளை நிரப்பவேண்டிய பள்ளம் அந்த அளவிற்கு ஆழமாகும். உறுதிமொழியைக் கொடுத்துக்கொண்டே அதற்குரிய முதலைக் கரைப்பது, கிணறு வெட்டிக்கொண்டே ஊற்றை அடைப்பதற்கு ஒப்பாகும்.

மறுபணியமர்த்தத்தின் உடன்பிறப்பு, ஓய்வு அகவையை உயர்த்துதல். தமிழ்நாட்டில் அவ்வகவை 2020 மேயில் 58இலிருந்து 59ஆகவும், 2021 பிப்பிரவரியில் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் விளைவாக, 58இல் ஓய்வு பெறவேண்டியிருந்தோர் வரிசை ஈராண்டு அப்படியே நின்றது. பணிக்கொடையும் ஓய்வூதிய மாற்றுத்தொகையும் உடனே கொடுக்கவேண்டிய நெருக்கடியிலிருந்து கருவூலம் மூச்சுவிட்டது உண்மை. ஆனால், கொடுக்கவேண்டியது கழிந்துபோகவில்லை, தள்ளிப்போனது. தள்ளிப்போன கடன் கூடுதற் சம்பளத்தின் மீது கணக்கிடப்பெற்றுக் கூடுதலாகவே திரும்பிவந்தது. அந்த ஈராண்டும் தேர்வுக்குரிய அகவை வரம்பைக் கடந்துபோன இளைஞருக்கு மட்டும் எதுவும் திரும்பிவரவில்லை.

கடலுக்கு அப்பால், இலங்கையில் நடந்ததும் படிப்பினையாகும். அங்கு அரசு ஊழியரின் ஓய்வு அகவை 2022 தொடக்கத்தில் 65ஆக உயர்த்தப்பட்டது. பொருளியல் நொறுங்கிய நிலையில் அதே ஆண்டிலேயே 60ஆக இறக்கப்பட்டது. அறுபதைக் கடந்தோர் அனைவரும் 2022 திசம்பர் 31ஆம் நாள் ஒருசேர வெளியேற நேர்ந்தது. படிப்படியாகக் கைமாறவேண்டிய பொறுப்புகள் ஒரே நாளில் கைவிடப்பட்டன. அணையைத் திறந்தும் மூடியும் விளையாடினால் கீழ்வயல் வறளும், அல்லது மூழ்கும்.

பிறநாடுகளில் இதற்கு வரம்பு கட்டியோர் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் பொதுவாக 180 நாள் இடைவெளி கழிந்த பின்னரே மீண்டும் பணிக்கு அழைக்கப்படலாம். ஓராண்டில் 960 மணி நேரத்திற்கு மேல் பணியாற்றக் கூடாது. முழுநேர ஊழியர் ஓராண்டில் ஆற்றும் பணியில் அது பாதிக்கும் குறைவு. சப்பான் நாடு வேறு வழியைக் கொண்டது. 2023 முதல் 2031க்குள் அரசு ஊழியரின் ஓய்வு அகவையை 60இலிருந்து 65ஆகப் படிப்படியாக உயர்த்துகின்றது. அறுபதைக் கடந்தோர்க்குச் சம்பளம் எழுபது விழுக்காடாகக் குறைகின்றது. அங்குப் பணிக்கு வர இளைஞர் போதவில்லை; ஆகவே முதியோரை நாடுகின்றனர். தமிழ்நாட்டின் நிலை அதுவா? 2022 சூலை 24ஆம் நாள் நடந்த நான்காம் தொகுதித் தேர்விற்குத் தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையம் முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் 22 இலக்கத்திற்கும் மேல். ஓர் இடத்திற்கு முந்நூறு பேர்! கைகள் இல்லாத நாட்டின் மருந்தைக் கைகள் கட்டப்பட்ட நாட்டிற்குக் கொடுப்பது எவ்வகை மருத்துவம்?

அயல்நாட்டு எடுத்துக்காட்டு வேண்டாமெனின், செங்கற்பட்டு மாவட்டத்தின் பழைய எல்லைக்குள் அடங்கியிருந்த உத்தரமேரூருக்கே செல்லலாம். முதற் பராந்தகன் காலத்தில், 921இல் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வரையறுக்கின்றது. அகவை 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டிற்குள் வாரியப் பொறுப்பு வகித்தவர் மீண்டும் வரலாகாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர் உறவினரும் வரலாகாது. அது மறையாளர்க்கு விடப்பட்ட ஊர். நிலமும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே அங்கு வாய்ப்பிருந்தது. அவ்வேற்றத்தாழ்வு போற்றத்தக்கதன்று. எனினும், பொறுப்பில் இருந்து இறங்கியவர் உடனே மீண்டும் ஏறக்கூடாது, இடையில் மூன்றாண்டு விலகி நிற்கவேண்டும், கணக்கைக் காட்டவேண்டும் என்னும் தெளிவு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது. இன்றைய அலுவலகங்களுக்கு அத்தெளிவு இல்லாமற்போனது ஏன்?

‘பட்டறிவு வீணாகலாமா?’ என்பது மறுபணியமர்த்தத்தை ஆதரிப்போரின் முதற் கேள்வி. வீணாகக் கூடாதுதான். ஆனால், பட்டறிவு எவ்வாறு வந்தது? அந்த மூத்தவரும் ஒருகாலத்தில் ஒன்றும் அறியாத இளைஞராகவே வந்தார், அவருக்கு இடம் கிடைத்தது, பட்டறிவு பிறந்தது. அந்த இடத்தை இளையவருக்குக் கொடாமல் வைத்துக்கொண்டு, இளையவருக்குப் பட்டறிவு இல்லை என்று கூறுதல், நீரில் இறங்கவிடாமல் தடுத்துவிட்டு நீந்தத் தெரியவில்லை என்று பழிப்பது போன்றது.

‘திடீரென்று இடம் ஒழிந்தது; வேலை நின்றுவிடும்; வேறு வழியில்லை’ என்பது இரண்டாவது விடை. இதனினும் வெறுமையான விடை பிறிதில்லை. ஓய்வு நாள் திடீரென வருவதன்று. ஒருவர் பணியிற் சேரும் நாளிலேயே அவர் பிறந்தநாள் பணிப்பதிவேட்டில் எழுதப்படுகின்றது. அன்றே அவர் ஓய்வு பெறும் நாளும் குறிக்கப்பட்டுவிடுகின்றது. முப்பதாண்டுக்கு முன்பே தெரிந்த ஒன்றிற்கு ஓராண்டுக்கு முன்பாவது ஆள் தேடத் தெரியாத துறை, தன் சோம்பலுக்குப் பட்டறிவு என்று பெயரிட்டுக்கொள்கின்றது.

இடங்களை நிலையாக நிரப்பாமல் விட்டதன் விளைவு இளைஞர் பக்கத்திலும் தெரிகின்றது. 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 13,331 ஆசிரியர் இடங்களை இடைக்காலமாக நிரப்ப ஆணையிடப்பட்டபோது, இடைநிலை ஆசிரியர்க்கு 7,500, பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000, முதுநிலை ஆசிரியர்க்கு 12,000 உருபா என்று தொகுப்பூதியம் குறிக்கப்பட்டது. அத்தொகையில் ஓய்வூதியப் பங்கு எங்கே? பணிமூப்பு எங்கே? இத்தகைய இடைக்காலப் பணியில் எத்தனை ஆண்டு உழைத்தாலும், முறையான தேர்வின்றி அமர்த்தப்பட்டவர் நிலையான பணியை உரிமையாகக் கேட்க இயலாது என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச வழக்குமன்றம் கூறிவிட்டது. ஆக, ஒருபுறம் ஓய்வுபெற்றவர் ஒப்பந்தத்தில்; மறுபுறம் இளைஞர் தொகுப்பூதியத்தில். நடுவே நிலையான இடம் என்பது மெல்ல மெல்ல மறைந்துகொண்டு வருகின்றது. நிலையான இடம் மறையுமாயின் பங்கு செலுத்துவோர் மறைவர். பங்கு செலுத்துவோர் மறைந்தால் ஓய்வூதியமும் மறையும்.

ஓய்வு பெற்றோரைப் பகைவராகக் கருதுதல் அறியாமை. மீண்டும் பணிக்குச் செல்லும் முதியவர் பலர் ஆசையால் செல்வதில்லை, தேவையால் செல்கின்றனர். தொழிலாளர் வைப்பு ஓய்வூதியத் திட்டத்தில் 2014இல் குறைந்த அளவாகக் குறிக்கப்பட்ட தொகை திங்களுக்கு 1,000 உருபாவே. அதனைக் கொண்டு ஒருவர் எப்படி வாழ்வது? அத்தகையவர் இரவுக் காவலுக்கோ வாயிற்பணிக்கோ செல்வாராயின் அது குற்றமன்று. அவரை அந்நிலையில் விட்டதே குற்றம். நல்ல ஓய்வூதியம் பெறுவோரிலும், படித்த மகன் வேலையின்றி வீட்டிலிருப்பதால் தாம் மீண்டும் அலுவலகம் செல்வோர் உளர். மகனுக்கு வேலையில்லாததால் தந்தை மீண்டும் செல்கின்றார்; தந்தையரை மீண்டும் அழைப்பதால் மகன்களுக்கு வேலையில்லை. இச்சுழலை உண்டாக்கியவர் தந்தையும் அல்லர், மகனும் அல்லர். இருவரையும் ஒருவர்க்கெதிராக ஒருவரை நிறுத்திவிட்டு, மிச்சக் கணக்குப் பார்க்கும் ஆட்சிமுறையே அதற்குப் பொறுப்பு.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை.

ஒன்று: ஒப்பளிக்கப்பட்ட எந்த நிலையான பணியிடத்திலும் ஓய்வுபெற்றவரை அமர்த்தலாகாது. அவர் அறிவு தேவையாயின், குறிப்பிட்ட பணி, குறிப்பிட்ட காலம் என்று வரையறுத்தே பெறுதல் வேண்டும்.

இரண்டு: ஓய்விற்கும் மறுபணிக்கும் இடையே குறைந்தது ஆறு திங்கள் இடைவெளி வேண்டும். கல்வியாண்டு முடிவும் கொள்ளைநோய், புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களும் மட்டுமே இதற்கு விலக்கு.

மூன்று: அழைக்கப்படும் ஒவ்வொரு மூத்தவரோடும் இளைஞர் ஒருவர் இணைக்கப்படவேண்டும். அவ்விளைஞர் தொழிலைக் கற்று முடிக்கும் நாளே மூத்தவரின் ஒப்பந்தம் முடியும் நாளாக இருத்தல் வேண்டும்.

நான்கு: மறுபணியில் ஒருவரை அமர்த்தும் துறை, அவ்விடத்தில் புதியவர் சேர்ந்திருந்தால் ஓய்வூதிய வைப்பிற்குச் செலுத்தவேண்டியிருந்த தொகையைத் தன் செலவுக் கணக்கிலிருந்தே அவ்வைப்பிற்குச் செலுத்தவேண்டும். அப்போதுதான் மிச்சம் என்னும் பொய்க்கணக்கு ஒழியும்.

ஐந்து: எந்தத் துறையில் எத்தனைபேர், எவ்வளவு ஊதியத்தில், எந்தச் செலவுத் தலைப்பில் மறுபணியில் உளர் என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வெளியிடவேண்டும்.

ஆறு: ஓய்வு நாளுக்கு ஓராண்டு முன்னரே அவ்விடத்திற்கான தேர்வு அறிவிக்கப்படவேண்டும். விடைபெறும் நாளில் சாவியை வாங்கிக்கொள்ள அடுத்தவர் அங்கு நிற்றல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு வேண்டுவதன்று, புதுச்சட்டங்கூட வேண்டுவதன்று. துறைதோறும் கணக்கை நேர்மையாக எழுதும் துணிவே வேண்டும். அத்துணிவு தானாக வராது. பணியிலிருப்போரும் ஓய்வு பெற்றோரும் பணிக்குக் காத்திருப்போரும் தனித்தனியே முழங்குவதை விடுத்து ஒன்றாகக் கேட்டால்தான் வரும். மூவர் கோரிக்கையும் உண்மையில் ஒன்றே: உழைப்பவனுக்கு நிலையான இடம், ஓய்ந்தவனுக்கு அச்சமற்ற முதுமை, வருபவனுக்கு அடைக்கப்படாத வாயில்.

மாமல்லபுரத்துத் தெருக்களில் காலை முதல் மாலை வரை இன்றும் உளியோசை கேட்டுக்கொண்டே இருக்கின்றது. அப்பட்டறைகளில் முதியவர் கல்லின் போக்கைக் காட்ட, இளையவர் கையில் உளி இருக்கும். முதியவர் உளியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஓசை என்றோ அடங்கியிருக்கும். அவ்வெளிய முறையை அரசின் துறைகள் கற்றுக்கொள்ளும் நாளே, இளைஞனுக்கு வேலையும் முதியவருக்கு ஓய்வூதியமும் ஒருங்கே உறுதிப்படும் நாளாகும். கற்றுக்கொள்ளாவிடின், மேலே செப்பமாகவும் அடியில் வெறும் பாறையாகவும் நிற்கும் அத்தளிகளைப் போல, ஓய்வூதிய ஏற்பாடும் பாதியில் நின்றுபோகும். பாறை ஆயிரத்து முந்நூறு ஆண்டு பொறுத்திருக்கும். பசித்த வயிறு பொறுத்திராது.